சாத்துக்குடிக்குப் போட்ட மூட்டம்

ஈரமான கரும்புச் சோகை எரியும்போது வருகிற புகைக்கு ஒரு புளித்த இனிப்பு வாசனை உண்டு. வெல்லம் காய்ச்சுகிற இடத்து வாசனை அல்ல. அது நாக்கில் ஊறும், இது கண்ணைக் கரிக்கும். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், தை மாதக் கடைசியில் மூன்று நாள், அந்தப் புகையில் இருமிக்கொண்டுதான் பாயை விட்டு எழுந்தேன். எழுந்து வெளியே வந்தால் பனிமூட்டம் எது, புகைமூட்டம் எது என்று பிரிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் அப்பா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சாத்துக்குடி மரமாகப் போய், "குளுரு விட்டுதா?" என்று கேட்காத குறையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா பட்டாளத்திலிருந்து வந்தவர். ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் என்றால் எங்கள் பக்கத்து ஊர்களில் இரண்டு விஷயம் நிச்சயம். வீட்டில் பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று இருக்கும். எந்தப் பேச்சும் "நான் பஞ்சாப்ல இருந்தப்ப" என்று தொடங்கும். அப்பா பஞ்சாபில் இருந்தபோது அவருடைய முகாமுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்தனவாம். குளிர்காலத்தில் அங்கே தரையே வெள்ளையாக உறைந்துபோகுமாம். "ஒரே ராத்திரி. காலையில போய்ப் பாத்தா கொழுந்தெல்லாம் கருப்பா வெந்து கெடக்கும். அதுக்குத்தான் அவனுங்க தோட்டத்தச் சுத்தி மூட்டம் போடுவானுங்க" என்று அவர் சொல்லும்போது, துப்பாக்கி தூக்கிய கதைகளைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கும். எல்லையைப் பற்றி அப்பா அதிகம் பேசியதே இல்லை.

அவர் திரும்பி வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஊர் பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு, சந்தைக்குத் தக்காளி, வீட்டுக்குக் கேழ்வரகு என்று பயிர் வைத்துக்கொண்டிருந்த ஊரில், வீட்டை ஒட்டிய ஒன்றேகால் ஏக்கரில் நூற்றிருபது சாத்துக்குடி ஒட்டுக்கன்றுகளை நட்டார். நிலம் பாகம் பிரியாதது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொது. பெரியப்பா அதிகம் பேசாத மனிதர். கன்றுகள் லாரியிலிருந்து இறங்கியபோது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எத்தன வருசத்துல காய்க்கும்?" என்று மட்டும் கேட்டார். "அஞ்சு" என்றார் அப்பா. பெரியப்பா கன்றைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாத்துக்குடியை வளர்ப்பதில் ஒரு கல்நெஞ்சு வேண்டும். மரத்தைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு வளர்த்தால் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், பூக்காது. அதனால் கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலை சுருண்டு தொங்கி, பாதி உதிர்ந்து, மரம் பிழைக்குமா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்வரை விட்டுவைக்க வேண்டும். இதற்கு எங்கள் பக்கம் "வாடப் போடறது" என்று பெயர். பிறகு தை பிறந்ததும் எருப்போட்டு, ஒரே மூச்சாகத் தண்ணீர் பாய்ச்சினால், செத்தோம் என்று நினைத்த மரம் விழுந்தடித்துக்கொண்டு பூக்கும். கிறிஸ்துமஸுக்கு வந்த உறவுக்காரர்களெல்லாம் எங்கள் தோட்டத்தைப் பார்த்து அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அம்மாவும் அலுத்துப்போய், "ஆமா, நல்லாத்தான் இருந்துச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படி வாட்டியெடுத்துப் பூ வாங்குவது ஐந்தாவது வருடத்தில்தான் முதல்முறை. தை கடைசியில் கிளை நுனியெல்லாம் அரிசி அரிசியாக மொட்டு. அதே வாரத்தில் பனியும் கடுமையாக இறங்கியது. பத்தடி தள்ளி நிற்கிற மாடு தெரியாது. பள்ளிக்கூடம் போகும்போது புருவத்தில் ஈரம் கோத்து நிற்கும். அப்பாவுக்குப் பஞ்சாப் ஞாபகம் வந்துவிட்டது. கரும்பு வெட்டிய வயல்களிலிருந்து சோகையை வண்டியில் அடித்து வந்து, தண்ணீர் தெளித்து, நாலு மரத்துக்கு ஒன்றாகக் குவித்து, விடிவதற்குச் சற்று முன்னால் பற்றவைத்தார். நெருப்பு எரியக் கூடாது, புகைய வேண்டும். அதில் அவருக்கு நல்ல தேர்ச்சி.

இங்கேதான் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் மனைவி ஆரோக்கியம்மாள், பட்டுப்புழு வளர்த்தார். அந்த நாளில் எங்கள் மாவட்டத்தில் ஊருக்குப் பத்து வீட்டிலாவது புழு இருந்தது. தோட்டத்துக்கு மேற்கே, சோகை வேய்ந்த நீளக் கொட்டகை ஒன்று அவருடைய ராஜ்யம். பெரியப்பாகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக முடியும். அதை நாங்கள் "புழு வூடு" என்போம். அங்கே மூங்கில் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, முசுக்கொட்டை இலையை வேளைக்கு வேளை போட்டு, ஐந்து வாரம் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார். புழு தோல் உரிப்பதற்காக இலை தின்னாமல் அசையாது கிடப்பதை "ஜுரம்" என்பார்கள். கன்னடம் பேசுகிற ஊர்களிலிருந்து வந்த பேச்சு. நாலு ஜுரம் முடிந்தபின் ஒரு வாரம் புழு பேய்த்தீனி தின்னும். அப்புறம் கூடு கட்டும்.

புழுவுக்கு வாசனையே ஆகாது. பீடி, பவுடர், பூச்சிமருந்து, தலைக்கு வைக்கிற தைலம் எதுவும் கூடாது. பெரியப்பா பீடியை விட்டதே இதனால்தான். பங்குச் சாமியார் வருடக்கணக்கில் சொல்லி நடக்காதது. புழு இருக்கிற வாரங்களில் பெரியம்மா கோயிலில் சாம்பிராணித் தூபம் தூக்கியதும் விறுவிறுவென்று எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். "ஆண்டவருக்குத் தெரியும், என் வூட்டுல புழு இருக்குதுன்னு" என்பார். புகை என்றால் அவருக்கு அவ்வளவு பயம். இருந்தும், தோட்டத்தில் மூட்டம் போடப் போவதாக அப்பா சொன்னபோது அவர் சண்டைக்கு வரவில்லை.

"நம்ம பக்கம் குளுருல செத்த மரத்த நான் பாத்ததில்லையே, தம்பி" என்றார்.

"பூ, அண்ணி. மரமில்ல, பூ. ஒரு பனி போதும், கருகிப் போயிரும். காத்து மேக்கேருந்துதான் வருது. உங்க பக்கம் பொகை வராது. நான் பாத்துக்கறேன்."

அப்பா சொன்னதைச் செய்கிறவர். முதல் இரண்டு நாளும் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்த பிறகுதான் நெருப்பு வைத்தார். மூன்றாம் நாளும் பார்த்தார். வைத்து அரைமணி நேரத்தில் காற்று திரும்பிவிட்டது. அவர் தண்ணீரை ஊற்றி ஊற்றி அணைக்க, அணைக்கிற நெருப்பு இன்னும் அதிகமாகப் புகைய, அவ்வளவும் பனியோடு சேர்ந்து தரையோடு தரையாக ஊர்ந்து, சாக்குப் படுதா தொங்கிய புழு வீட்டுக்குள் போனது. நான் அம்மாவோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் புழுக்களுக்கு நாலாம் ஜுரம் முடிந்து மூன்றாம் நாள்.

மத்தியானத்துக்குள் புழுக்கள் இலையைத் தொடாமல் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. பிறகு பச்சையாகக் கக்கின. மறுநாள் காலை பெரியம்மா ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். கத்தவில்லை. அப்பா நின்ற இடத்தில், அவர் காலடியில் வைத்தார்.

"நல்லாப் பாருங்க தம்பி. உங்க மரத்துக்குக் குளுருதுன்னு என் புழுவச் சாவடிச்சிட்டீங்க."

"காத்து திரும்பும்னு நெனைக்கலைங்க, அண்ணி" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெரியம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்களோடு பேசினார், அம்மாவோடு பேசினார், சோறு குழம்பு எல்லாம் சுவருக்கு மேல் வழக்கம்போல் கைமாறியது. அப்பா வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். ஒரே கிணறு, ஒரே களம், ஒரே வாசல் வைத்துக்கொண்டு இப்படி இருப்பது லேசான காரியமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அஞ்சு வருசம் நெலத்த உன் கையில உட்டாச்சு. நான் ஒண்ணும் கேக்கல. இந்த ஒரு காய்ப்பு பாக்கலாம். ஒரு லாரி காய் எறங்கிச்சுன்னா மரம் நிக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். எறங்கலன்னா எடுத்துட்டு தக்காளி வெச்சிரலாம். என்னா சொல்ற?"

"சரிங்கண்ணா. எறங்கலன்னா நானே வெட்டறேன்" என்றார் அப்பா. அம்மா அடுப்படியிலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நானே" என்ற ஒரு சொல்லை யார் கேட்டார்கள்?

மாசியில் பூ விரிந்தது. இவ்வளவு பூவை நாங்கள் பார்த்ததே இல்லை. கிணற்றுத் தண்ணீரில்கூட இதழ் மிதந்தது. மூட்டம் போட்டதால்தான் பூ நின்றது என்பது அப்பாவின் தீர்மானம். அவருக்கு அது வெறும் விவசாயக் கருத்து அல்ல என்பது எனக்கு அப்போதே லேசாகப் புரிந்தது. புகை பூவைக் காப்பாற்றியது உண்மையென்றால், புழு செத்ததற்கு ஒரு காரணமாவது இருக்கும். அந்தக் காய்கள் லாரியில் ஏறினால் அவர் அண்ணியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். ஏறாவிட்டால் மரமும் போய், அந்தத் தட்டு மட்டும் அவர் காலடியிலேயே கிடக்கும். ஒவ்வொரு மாலையும் பிஞ்சுகளை எண்ணாத குறையாகப் பார்த்துவிட்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் சொல்கிற மாதிரி, "நிக்குது" என்பார்.

பங்குனி கடந்தது. உயிர்ப்புத் திருநாள் முடிந்தது. பிஞ்சு எலுமிச்சை அளவுக்குத் திரண்டது. பெரியம்மாவும் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, வேறு முட்டை வாங்கிப் பொரிக்கவைத்து, அடுத்த புழுவைக் கொண்டுவந்துவிட்டார். சித்திரையில் எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. நாலு நாள் வெயில் மண்டையைப் பிளக்கும்; ஐந்தாம் நாள் மத்தியானம் வானம் மையாகக் கருத்து, காற்றும் ஆலங்கட்டியும் சேர்ந்து வரும். சாத்துக்குடி காய்க்கிற காலத்தில் கவைக் கிளைகள் பிளந்துகொள்ளும் என்பதால், கிளைகளைச் சேர்த்துத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி, காற்றடிக்கிற பக்கம் முளையடித்து இழுத்துக் கட்ட வேண்டும். அப்பா பாதி மரங்களுக்குக் கட்டி முடித்திருந்தார். அன்று காலைதான் இலைப்பேனுக்கு மருந்தும் அடித்திருந்தார்.

சரியாக அன்றைக்குத்தான் கருத்தது. விடுமுறை என்பதால் நாங்கள் வீட்டில் இருந்தோம். அப்பா கயிற்றுச் சுருளோடு மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தார். என் அண்ணன் முளையடித்தான். முதல் ஆலங்கட்டி என் முழங்கையில் பட்டபோது ஊசி குத்திய மாதிரி இருந்தது. நான் குனிந்து அதைப் பொறுக்கினேன். அத்தனை அமளியிலும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அப்போது மேற்கே மடமடவென்று சத்தம். புழு வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் சோகையோடு எழும்பி நிற்கிறது. பெரியப்பா கரும்பு லோடோடு ஆலைக்குப் போயிருந்தார். உள்ளே பெரியம்மா தனியாக, தட்டுகளின் மேல் தன் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அப்பா கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார். கொட்டகை வாசலில் திடீரென்று நின்றார். சட்டையைக் கழற்றினார். "சட்டையில மருந்து நாத்தம் இருக்குது, அண்ணி. பத்தே பத்து நொடி" என்று சொல்லிவிட்டு, மழைத் தண்ணீரிலேயே கையை முழங்கைவரை மண்போட்டுத் தேய்த்துக் கழுவினார். அதற்கே அவர் முதுகில் ஆலங்கட்டி விழுந்து விழுந்து சிவந்துவிட்டது. பிறகுதான் உள்ளே போய்த் தட்டைத் தொட்டார்.

"மரத்தப் போய்ப் பாருங்க தம்பி! கட்டாத மரமெல்லாம் ஆடுது!" என்று பெரியம்மா கத்தினார். மூன்று மாதத்தில் அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு.

"மரம் எங்க ஓடிரப் போவுது? தட்டப் புடிங்க நீங்க."

அப்பா, பெரியம்மா, அம்மா, அண்ணன், நான் ஐந்து பேரும் எங்கள் ஓட்டு வீட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்தோம். ஓடக் கூடாது, தட்டு சரியக் கூடாது. தட்டின்மேல் சாக்கு, சாக்கின்மேல் எங்கள் தலை. கூடத்தில், கட்டிலின்மேல், அடுப்படியில், மாதா படத்துக்குக் கீழே என்று எல்லா இடமும் புழுவாகிவிட்டது. கடைசித் தட்டு உள்ளே வந்தபோது காற்று நின்றுவிட்டது. வெளியே தோட்டம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அப்பா ஈரவேட்டியோடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பஞ்சாப்ல இப்படித்தான் இருக்கும்" என்று எங்களுக்குச் சொன்னார்.

கட்டிய மரங்கள் தப்பின. கட்டாத மரங்களில் பெரும்பாலானவை நடுவில் பிளந்திருந்தன. தப்பிய மரத்திலும் பாதிப் பிஞ்சு தரையில். மீதியில் கல்லடிபட்ட வடு. வடுப்பட்ட காய் பெருத்துப் பழுத்தாலும் சந்தையில் ஒதுக்கித்தான் வைப்பார்கள். பிளந்த இடங்களிலிருந்து பிசின் வடியத் தொடங்கியது. ஐப்பசியில் காய் பறித்தபோது ஒரு மாட்டு வண்டிதான் நிரம்பியது. லாரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பெரியப்பா எடுக்கவே இல்லை. அவர் தன் சொல்லை மறந்தவர்போல நடமாடினார்.

அப்பா மறக்கவில்லை. ஒரு காலையில் கோடரியைத் தீட்டிக்கொண்டு போனார். பெரியம்மா ஓடிவந்து முதல் மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"யார் உங்கள வெட்டச் சொன்னது? உங்கண்ணன் சொன்னாரா? நான் சொன்னனா? எம் புழு கூடு கட்டுச்சு இல்ல, அப்புறம் என்னா?"

"நான் சொன்னதுங்க, அண்ணி. தள்ளுங்க."

"பொழச்ச மரத்த வெச்சிக்கலாம் தம்பி. பாதியாவது நிக்கட்டும்."

"பாதி லாரின்னு நான் சொல்லல" என்றார் அப்பா. அவர் பிடிவாதத்தில் எனக்கு அன்று வந்த எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை. பெரியம்மா அழுதுகொண்டே போய்விட்டார். எட்டு நாளில் நூற்றிருபது மரமும் விறகாகின. சாத்துக்குடி விறகு நன்றாக எரியும். அந்த மார்கழிக்குத் தக்காளி நாற்று நட்டோம். ஊரோடு ஒத்த பயிர். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

நான் பிற்பாடு விவசாயம் படித்துத் தோட்டக்கலைத் துறையில் வேலைக்குப் போனேன். படிப்பின் இரண்டாம் வருடத்தில், எலுமிச்சை இனத்து மரங்கள் எந்தக் குளிருக்குக் கருகும் என்று ஒரு பாடம் வந்தது. தண்ணீர் உறைகிற குளிர் வேண்டும். எங்கள் ஊர்ப் பனி அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது. வகுப்பில் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன், பரீட்சையில் எழுதினேன், பல வருடம் விவசாயிகளுக்கும் கூட்டம் போட்டுச் சொன்னேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

அப்பாவாகத்தான் கேட்டார். அவர் படுக்கையில் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். பெரியம்மா தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மாலை, முன்பின் பேச்சில்லாமல் அப்பா என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, நீ படிச்சவ. சொல்லு. அந்த வருசம் மூட்டம் போடாம உட்டிருந்தா பூ கருகியிருக்குமா?"

எத்தனையோ விவசாயிகளுக்கு முகத்துக்கு நேராக உண்மையைச் சொன்னவள் நான். ஆனால் கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் பெரியம்மாதான் பேசினார்.

"இது ஒரு கேள்வியா, தம்பி? கருகித்தான் போயிருக்கும். அந்த வருசத்துப் பனி என்னா பனி! நீங்க மூட்டம் போட்டீங்க, நின்னுச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமாப்பா" என்றேன். அவர் நீளமாக மூச்சு விட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது இருவரும் இல்லை. நிலத்தின் வழியாகச் சாலை அகலமாகிப் போகிறது. புழு வீடு இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. எங்கள் ஊரில் புழு வளர்ப்பவர் ஒருவரும் கிடையாது. தை மாதத்தில் போனால் போர்வைகூடத் தேவைப்படுவதில்லை. அந்தப் பனியும் எங்கோ போய்விட்டது. போன பொங்கலுக்கு அண்ணன் பேத்தி என்னிடம் வந்து, "பாட்டி, கொள்ளுத்தாத்தா பொகை போட்டு நூத்தியிருவது மரத்தையும் பனியிலருந்து காப்பாத்தினாராமே, நெசமா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்று சொன்னேன்.